நைல் நதியின் கணக்கு பாறைக்குள் இறங்கிய கதை

ஹரால்ட் எட்வின் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1906-இல் கெய்ரோவுக்கு வேலைக்குப் போனார். அதன் பிறகு அவருக்கு ஆயுள் முழுவதும் நைல்தான். எகிப்தியர்கள் 'அபு நீல்', அதாவது நைலின் தந்தை, என்று அழைக்கும் அளவுக்கு அந்த ஆற்றோடு ஒன்றிப்போனார். அவர் போட்ட ஒரு கணக்கு அவர் நினைத்தே பார்த்திராத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தரைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் அடியில் எண்ணெய் ஊறிக் கிடக்கும் பாறைகளை விவரிக்க அது பயன்படுகிறது. எண்ணெய்த் துறைக்குள் ஃபிராக்டல் புள்ளியியல் ஏன் வந்தது, அதனால் எது ஆகும், எது ஆகாது என்று புரிந்துகொள்ள அந்த ஆற்றிலிருந்து தொடங்குவதே நல்லது.

ஹர்ஸ்டின் கேள்வி எளியது. நைலில் ஓர் அணை கட்டினால் அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? வெள்ள ஆண்டில் உபரியைத் தேக்கி, வறண்ட ஆண்டில் திறந்துவிட்டு, ஆண்டுதோறும் சராசரி அளவு நீரைத் தவறாமல் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்துவந்தால் தேக்கம் எந்த உச்சம்வரை நிறையும், எந்த அடிமட்டம்வரை இறங்கும்? இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அணைக்கு வேண்டிய கொள்ளளவு. ஓர் ஆண்டின் நீர்வரத்துக்கும் அடுத்த ஆண்டின் நீர்வரத்துக்கும் தொடர்பே இல்லாமல், காசு சுண்டிப் போட்டதுபோல வந்தால், இந்த இடைவெளி ஆண்டுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும். 25 ஆண்டுகளுக்கு வேண்டியதைப் போல 100 ஆண்டுகளுக்கு இரண்டு மடங்கு போதும்.

நைலின் பதிவுகள் இதற்கு ஒத்துவரவில்லை. கெய்ரோவின் ரோடா தீவில் இருக்கும் நீர்மட்ட அளவுத் தூணில் பல நூற்றாண்டுகளாகக் குறித்துவைத்த அளவுகள் அவர் கையில் இருந்தன. அவர் நைலோடு நிற்கவுமில்லை. பிற ஆறுகள், மழையளவு, வெப்பநிலை, மரவளையங்கள், கிரிமியாவின் சாகி போன்ற ஏரிகளின் அடியில் ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிந்த சேறு என, கைக்கு எட்டிய நீண்ட தொடர்களையெல்லாம் கணக்கில் போட்டார். 1951-இல் முடிவை வெளியிட்டார். இடைவெளி வளரும் அடுக்கெண் 0.5 ஆக இருக்க வேண்டிய இடத்தில், சராசரியாக 0.73 வந்தது. பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் 25 ஆண்டிலிருந்து 100 ஆண்டுக்குப் போகும்போது இரண்டு மடங்கு இருந்த இடத்தில் 2.75 மடங்கு வந்து நிற்கிறது. வளமான ஆண்டை ஒட்டி வளமான ஆண்டும், பஞ்ச ஆண்டை ஒட்டிப் பஞ்ச ஆண்டும் கூட்டமாக வருகின்றன என்பதே இதற்குப் பொருள். 1960-களில் இதைக் கையிலெடுத்த பெனுவா மாண்டல்பிராட், பைபிளில் யோசேப்பு விளக்கம் சொன்ன பார்வோனின் கனவில் வந்த ஏழு கொழுத்த பசுக்களையும் ஏழு மெலிந்த பசுக்களையும் நினைத்து, இதற்கு 'யோசேப்பு விளைவு' என்று பெயர் வைத்தார். ஜான் வான் நெஸ்ஸோடு சேர்ந்து 1968-இல் இதற்குக் கறாரான கணித வடிவமும் கொடுத்தார். அந்த அடுக்கெண்ணுக்கு ஹர்ஸ்ட் எண் என்று பெயர் நிலைத்தது. 'ஃபிராக்டல்' என்ற சொல்லே அதற்குப் பின், 1975-இல்தான் பிறந்தது.

1986-இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த பெட்ரோலியப் பொறியாளர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில், ஷெவ்ரான் நிறுவன ஆய்வாளர் தாமஸ் ஹியூவெட் ஒரு கட்டுரை படித்தார். ஹர்ஸ்ட் ஆண்டு ஆண்டாக எண்ணிய இடத்தில் அவர் அடி அடியாக எண்ணினார். காலத்தின் இடத்தில் ஆழம். நீர்வரத்தின் இடத்தில் பாறையின் நுண்துளைமை, அதாவது பாறையில் துளைகள் பிடிக்கும் பங்கு.

எண்ணெய்க் கிணறு தோண்டியதும், கேபிளில் கட்டிய ஆய்வுக் கருவிகளைக் குழிக்குள் இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே பாறையின் பண்புகளைப் பதிவு செய்வார்கள். இந்தப் பதிவைத் துறைக்காரர்கள் 'லாக்' என்பார்கள். வழக்கமாக அரை அடிக்கு, அதாவது 15 சென்டிமீட்டருக்கு, ஓர் எண் கிடைக்கும். 300 மீட்டர் பாறை என்றால் 2,000 எண்கள். ஹர்ஸ்டுக்குக் கிடைத்த பெரும்பாலான தொடர்களைவிட நீளமான தொடர் இது. இதன்மேல் ஹர்ஸ்டின் கணக்கைப் போட்டபோது ஹியூவெட்டுக்குக் கிடைத்த எண் 0.85-ஐ ஒட்டி இருந்தது. ஹர்ஸ்டின் தொடர்களுக்கு வந்த சராசரியைவிடப் பாறைக்கு ஞாபகம் அதிகம். பிறகு வேறு பலரும் வேறு வயல்களின் லாக்குகளைச் சோதித்தார்கள். 0.7-க்கும் 0.9-க்கும் இடைப்பட்ட மதிப்புகள் அடிக்கடி வந்தன.

இந்த எண் பொறியாளருக்கு ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். எண்ணெய் எப்படி ஓடும் என்று கணினியில் கணிக்கும்போது பாறையைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சராசரி மதிப்பு கொடுப்பார்கள். 15 மீட்டர் தடிமனை ஒரே பெட்டியாக்கினால் லாக்கின் 100 எண்கள் ஒரே எண்ணாகச் சுருங்கும். எண்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றால், பெட்டிக்குப் பெட்டி வரும் ஏற்ற இறக்கம் பழைய அளவில் பத்தில் ஒன்றாகிவிடும். 'மேடுபள்ளம் சமனாகிவிடும், சராசரி போதும்' என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இதுதான். ஹர்ஸ்ட் எண் 0.85 என்றால் அதே 100 எண்களைச் சராசரியாக்கிய பிறகும் பாதி ஏற்ற இறக்கம் அப்படியே மிஞ்சும். 10,000 எண்களைச் சேர்த்தாலும், நூறில் ஒன்றாகக் குறைய வேண்டியது நாலில் ஒன்றில்தான் நிற்கும். எவ்வளவு தூரம் பின்னால் தள்ளி நின்று பார்த்தாலும் பாறை சமதளமாகத் தெரியாது. சிறிய அளவில் இருக்கும் கரடுமுரடு பெரிய அளவிலும் அதே விதத்தில் இருக்கும். ஃபிராக்டல் என்று சொல்வது இந்த இயல்பைத்தான். எந்த அளவில் பார்த்தால் சராசரி நிலைக்கும் என்று தேடும் முயற்சியே இங்கே பயனற்றது. என் பார்வையில் ஹியூவெட்டின் கட்டுரை துறைக்குக் கொடுத்த பெரிய அதிர்ச்சி அதுதான்.

பாறைப் படத்தை வரைபவர்கள் அதுவரை நம்பியிருந்த முறை வேறு மரபிலிருந்து வந்தது. 1951-இலேயே, ஹர்ஸ்டின் கட்டுரை வந்த அதே ஆண்டில், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வேலைபார்த்த டேனி கிரிக், துளையிட்ட இடங்களின் மாதிரிகளை வைத்துத் துளையிடாத இடத்தின் தங்கத்தை மதிப்பிடும் வழியை முன்வைத்தார். பிரான்சின் ஜார்ஜ் மாத்ரோன் அதைக் கணிதமாக வளர்த்து, கிரிக்கின் பெயராலேயே கிரிகிங் என்று அழைத்தார். அதன் அடித்தளம் வேரியோகிராம் என்ற வளைவு. இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அவற்றின் மதிப்புகள் எவ்வளவு விலகிப்போகின்றன என்பதை அது காட்டும். வழக்கமான வேரியோகிராம் ஒரு தூரம்வரை ஏறிப் பிறகு படுத்துவிடும். அந்தத் தூரத்துக்கு அப்பால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று கொள்வார்கள். ஃபிராக்டல் வேரியோகிராம் படுப்பதே இல்லை. ஏறும் வேகம் தணிந்தாலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

கிரிகிங்கில் ஒரு குறை உண்டு. அது தரும் படம் மிக வழுவழுப்பானது. கிணறுகள் இருக்கும் இடத்தில் சரியான மதிப்பைக் கொடுக்கும். நடுவே உள்ள வெற்றிடத்தை மெல்லச் சரியும் மேடாகவும் பள்ளமாகவும் நிரப்பிவிடும். அந்த வெற்றிடம் எவ்வளவு பெரிது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். எட்டரை அங்குல விட்டமுள்ள குழியை 500 மீட்டருக்கு ஒன்றாகத் தோண்டினால், நாம் தொட்டுப் பார்த்தது அந்தப் பரப்பில் ஏறக்குறைய எழுபது லட்சத்தில் ஒரு பங்கு. மிச்சம் முழுக்க ஊகம்தான். ஒரு வீட்டு போர்வெல்லில் தண்ணீர் பொங்க, அடுத்த வீட்டுக்காரர் அதே ஆழம் போட்டும் புழுதி மட்டும் பறந்ததைப் பார்த்தவர்கள், இரண்டு குழிகளுக்கு நடுவே நேர்கோடு இழுப்பது எவ்வளவு துணிச்சலான வேலை என்று அறிவார்கள்.

எண்ணெய் எடுப்பதில் இந்த வழுவழுப்புக்குக் கொடுக்கும் விலை அதிகம். பாறையின் சொந்த அழுத்தம் குறைந்த பிறகு, ஒரு கிணற்றில் நீரைச் செலுத்தி எண்ணெயை இன்னொரு கிணற்றை நோக்கித் தள்ளுவது வழக்கம். வழுவழுப்பான படத்தில் நீர் ஒரே முகமாக, பம்பு செட்டின் பிஸ்டன்போல, எண்ணெயை வழித்துக்கொண்டு வரும். உண்மையான பாறையில் அப்படி நடக்காது. திரவத்துக்குப் பாறை எவ்வளவு எளிதாக வழிவிடும் என்பதைக் காட்டும் ஊடுருவுதிறனை மில்லிடார்சியில் அளப்பார்கள். ஒரே கிணற்றில் சில அடி தூரத்துக்குள் அது ஒரு மில்லிடார்சியிலிருந்து ஆயிரத்துக்குப் போய்த் திரும்பலாம். நுண்துளைமையில் வரும் சின்ன மாற்றம் ஊடுருவுதிறனில் பன்மடங்கு மாற்றமாகத் தெரியும். நீர் இந்த எளிய வழிகளை மோப்பம் பிடித்ததுபோலத் தேடிப் போகும். நல்ல துளைகள் உள்ள மெல்லிய அடுக்கு ஒன்று கிணற்றுக்குக் கிணறு தொடர்ந்து ஓடினால், நீர் அதன் வழியே முந்திக்கொண்டு வந்து எண்ணெய்க் கிணற்றில் வெளிப்படும். பக்கத்து அடுக்குகளின் எண்ணெய் இருந்த இடத்திலேயே தங்கிவிடும். உலக அளவில் எண்ணெய் வயல்களிலிருந்து சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். மிச்சம் உள்ளேயே நின்றுபோவதற்கு ஒட்டுவிசையும் பாகுத்தன்மையும் காரணம்; இந்த ஒழுங்கின்மையும் முக்கியமான காரணம்.

ஹியூவெட்டும் பிறகு அவரோடு சேர்ந்த பெரன்ஸும் செய்தது இதற்கு மாற்று. முதலில் கிணறுகளை இணைக்கும் வழுவழுப்பான படத்தை, ஃபிராக்டல் வேரியோகிராமை வைத்து, எடுத்துக்கொள்வார்கள். அதன்மேல் அதே ஹர்ஸ்ட் எண் கொண்ட கரடுமுரடைக் கணினியில் உருவாக்கிச் சேர்ப்பார்கள். கிணறு இருக்கும் இடத்தில் மட்டும் அந்தச் சேர்க்கை பூச்சியமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். ஆகவே அளந்த உண்மை மாறுவதில்லை. அளக்காத இடம், அளந்த இடம் எவ்வளவு கரடோ அவ்வளவு கரடாக நிரம்புகிறது. ஒரு படம் போதாது. பத்து, ஐம்பது படங்கள் செய்வார்கள். ஒவ்வொன்றும் கிணறுகளோடு ஒத்துப்போகும், தங்களுக்குள் வேறுபடும். எல்லாவற்றின் வழியேயும் நீரை ஓட்டிப் பார்த்தால், எண்ணெய் எவ்வளவு வரும் என்பதற்கு ஒற்றை விடை கிடைக்காது. ஒரு வீச்சு கிடைக்கும். அறியாமையின் அகலத்தை எண்ணால் சொல்ல முடிவது எனக்குப் பெரிய முன்னேற்றமாகவே படுகிறது.

செங்குத்தாகவும் கிடையாகவும் ஒரே விதத்தில் இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். செங்குத்தில் லாக் எண்கள் ஒரு சராசரியைச் சுற்றிக் குதித்துக்கொண்டே இருக்கும். கிடையாகப் போனால், ஓர் அடுக்கு வெகுதூரம் அப்படியே தொடர்ந்து மெதுவாக மாறும். அதனால் செங்குத்துக்கு மாண்டல்பிராட்டின் 'இரைச்சல்' வடிவத்தையும், கிடைத்திசைக்கு அதைக் கூட்டிக்கொண்டே போனால் வரும் 'நடை' வடிவத்தையும் ஹியூவெட் எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் ஒரே ஹர்ஸ்ட் எண் பொருந்தும் என்றும் கொண்டார். கடைசியில் சொன்னது அனுமானம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1989-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் உள்ள மிட்சூ வயலுக்கு இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். அங்கே எண்ணெயோடு கலந்து அதைக் கழுவி எடுக்கும் வாயுவைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். பழைய முறையில், கணிப்பு வயலின் வரலாற்றோடு ஒத்துவரும்வரை பாறையின் எண்களைக் கையால் திருத்தித் திருத்திப் பார்ப்பார்கள். ஃபிராக்டல் குறுக்குவெட்டில் பாறையின் ஒழுங்கின்மை முன்கூட்டியே இருந்ததால், அந்தத் திருத்தத்துக்கு வேலை குறைந்தது.

பாறை ஏன் இப்படி இருக்கிறது? ஆற்றோரம் மணல் அள்ளிய குழியின் வெட்டுமுகத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் பாதி விடை கிடைக்கும். மேலே ஒரு பெருவெள்ளம் கொண்டுவந்த பருமணல், கீழே நிதானமாகப் படிந்த வண்டல், நடுவில் விரல் தடிமனுக்குக் களி. பருமணல் அடுக்குக்குள்ளேயே நுணுகிப் பார்த்தால் சாய்வான மெல்லிய கோடுகள், அவற்றுக்குள் இன்னும் மெல்லியவை. ஒவ்வொரு கோடும் ஒரு நிகழ்வு. கோடுகளுக்கு நடுவே எதுவும் படியாத, அல்லது படிந்தது அரித்துப்போன காலமும் இருக்கிறது. அந்த இடைவெளிகளைப் பற்றி பீட்டர் சாட்லர் 1981-இல் வெளியிட்ட வேலை எனக்கு மிகப் பிடித்த நிலவியல் வேலைகளில் ஒன்று. ஏறக்குறைய 25,000 படிவு வேகங்களைத் தொகுத்துப் பார்த்து, எவ்வளவு நீண்ட காலத்தை வைத்து அளக்கிறோமோ அவ்வளவு மெதுவாகப் படிவு நடந்ததாகத் தெரிகிறது என்று காட்டினார். ஒரு வெள்ளத்தில் ஒரே நாளில் ஓர் அடி மணல் படியும். ஆயிரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அதே இடத்தில் சில அடிதான் மிஞ்சியிருக்கும். ஏனென்றால் நீண்ட காலத்துக்குள் நீண்ட இடைவெளிகளும் நுழைந்துவிடுகின்றன. சிறிய இடைவெளிகள் ஏராளம், பெரியவை சில, மிகப் பெரியவை அபூர்வம். இப்படி ஓட்டைகளோடு எழுதிய ஏட்டைத்தான் லாக் படிக்கிறது.

அளவின் இன்னொரு கோடியிலும் இதே கதை நடந்தது. 1985-இல் எக்ஸான் ஆய்வாளர்களான காட்ஸும் தாம்ப்சனும் மணற்கல்லின் உடைந்த பரப்பை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, துளைகளின் சுவர்களே ஃபிராக்டல் என்று கண்டார்கள். வழுவழுப்பான பரப்பின் பரிமாணம் 2 என்றால் இவற்றின் பரிமாணம் 2.57-இலிருந்து 2.87 வரை வந்தது. ஆனால் மணல்மணி அளவுக்கு மேல் போனதும் அந்த இயல்பு நின்றுவிடுகிறது. லாக்கின் ஃபிராக்டல் வேறு, துளைச்சுவரின் ஃபிராக்டல் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் ஒரே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த முறையை மதிப்பவர்கள்தான் அதன் பலவீனங்களைக் கறாராகச் சொல்ல வேண்டும். முதலாவது, ஹர்ஸ்ட் எண் ஏமாற்றக்கூடியது. தொடரில் மெதுவான ஒரு போக்கு இருந்தால், ஃபிராக்டலே இல்லாத தரவும் பெரிய ஹர்ஸ்ட் எண்ணைக் காட்டும். 1983-இலேயே பட்டாச்சார்யா, குப்தா, வேமைர் மூவரும் இதைக் கணிதமாக நிறுவினார்கள். கீழே போகப்போக மணல் இறுகி நுண்துளைமை குறைவது எங்கும் காணும் போக்கு. அதை நீக்காமல் கணக்குப் போட்டால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. கருவியும் கலப்படம் செய்கிறது. 15 சென்டிமீட்டருக்கு ஓர் எண் தந்தாலும், நுண்துளைமைக் கருவி ஒவ்வோர் எண்ணையும் அதைவிட அகலமான பாறைப்பட்டையின் சராசரியாகத்தான் எடுக்கிறது. அடுத்தடுத்த எண்கள் ஒத்துப்போவதில் ஒரு பகுதி பாறையின் ஞாபகம், ஒரு பகுதி கருவியின் மங்கல்.

இரண்டாவது, வீச்சு. சிறியதிலிருந்து பெரியதுவரை பல பத்து மடங்குகளுக்கு ஒரே விதி நின்றால்தான் ஃபிராக்டல் என்ற பேச்சுக்கு வலு. இயற்பியல் இதழ்களில் ஃபிராக்டல் என்று அறிவித்த ஆய்வுகளை அவ்நிரும் அவரது சகாக்களும் எண்ணிப் பார்த்து 1998-இல் வெளியிட்டார்கள். சராசரியாக அவை 1.3 பதின்மடங்கு வீச்சைத்தான் காட்டின. அதாவது சிறியதிலிருந்து பெரியதுக்கு இருபது மடங்கு. லாக் இதைவிடப் பரவாயில்லை என்றாலும், 2,000 எண்ணில் பெரிய அளவுகளைச் சொல்லும் தரவு கடைசியில் நாலைந்து துண்டுகள்தான்.

மூன்றாவது, நான் மேலே ஒத்திப்போட்ட கிடைத்திசை. செங்குத்தில் ஆயிரக்கணக்கான எண்கள் இருக்க, கிடையில் சில கிணறுகள் மட்டும். செங்குத்தின் ஹர்ஸ்ட் எண்ணையே கிடைத்திசைக்கும் எடுத்துக்கொள்வதற்குத் தரவைவிட வசதிதான் பெரிய காரணம். ஆனால் நீர் ஓடுவது பெரும்பாலும் கிடையாகத்தான். எது நமக்கு அதிகம் தேவையோ அதுவே நமக்குக் குறைவாகத் தெரிகிறது.

நான்காவது குறையை ஆஸ்திரேலியாவின் ஸ்காட் பெயின்டரும் லிங்கன் பேட்டர்சனும் 1994-இல் சுட்டினார்கள். ஹியூவெட்டின் மாதிரியில் மாற்றங்கள் மணிவடிவப் பரவலில் வரும். திடீர்ப் பாய்ச்சல் அபூர்வம். உண்மையான லாக்கில் மணலிலிருந்து களிக்கு ஒரே தாவலாகத் தாவும் இடங்கள் மணிவடிவம் அனுமதிப்பதைவிட மிக அதிகம். அதனால் அவர்கள் மணிவடிவத்துக்குப் பதில், நீண்ட வால் கொண்ட லெவி பரவலை வைத்தார்கள். யோசேப்போடு நோவாவும் சேர்ந்தார் என்று சொல்லலாம். திடீர்ப் பெருவெள்ளம்போன்ற தாவல்களுக்கு நோவா விளைவு என்று மாண்டல்பிராட் முன்பே பெயர் வைத்திருந்தார். ஆனாலும் ஓர் ஆற்றுவாய்க்காலின் வளைவை எந்தப் பரவலும் வரைந்து காட்டாது. அதற்காகத்தான் பின்னர் மாதிரிப் படங்களிலிருந்து வடிவங்களைக் கற்கும் முறைகள் வந்தன. இன்று பெரும்பாலும் நிலவியலாளர் வாய்க்கால், மணல்திட்டு, களிப்படுகை என்று பெரிய வடிவங்களை முதலில் வரைகிறார். அவற்றுக்குள் எண்களை நிரப்பும்போதுதான் இதுபோன்ற புள்ளியியல் உள்ளே வருகிறது. அந்த இடம் அதற்குப் பொருத்தமான இடம்தான் என்பது என் கருத்து.

இந்தக் கணக்கின் தேவை எண்ணெயோடு முடியவில்லை. நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல், இயற்கை வாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில், கடலடியில் உட்சீரா என்ற மணற்கல்லுக்குள் செலுத்தத் தொடங்கினார்கள். நல்ல மணற்கல். துளைகள் தாராளம். அதற்குள் ஒரு மீட்டர் தடிமனே உள்ள களிக்கோடுகள் சில இருந்தன. நிலநடுக்க அலைகளால் எடுக்கும் படத்தில் தெரியாத அளவுக்கு மெலிந்தவை. 1999-இல் மறுபடி படமெடுத்தபோது வாயு மணற்கல்லின் உச்சிவரை ஏறியிருந்தது. ஒரே தூணாக ஏறவில்லை. ஒன்பது தட்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு களிக்கோட்டின் அடியிலும் பரவி, எங்கோ ஒரு வழி கிடைத்த இடத்தில் அடுத்த தட்டுக்குத் தாவியிருந்தது. அந்தக் களிக்கோடுகள் சுற்றுவட்டாரக் கிணறுகளின் லாக்குகளில் கூர்மையான முட்களாக முன்பே பதிவாகியிருந்தன. அவை பக்கவாட்டில் எவ்வளவு தூரம் ஓடுகின்றன, எந்த இடத்தில் அறுந்திருக்கின்றன என்பதை மட்டும் எந்த லாக்கும் சொல்லவில்லை. வாயு ஏறி முடித்த பிறகு, அது போன வழியைப் பார்த்தே அதைத் தேட வேண்டியிருந்தது.